பந்தைத் துரத்தாத காமிரா

முதலில் ஒரு கேள்வி. 2022ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் கத்தாரில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டத்தை உங்களில் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். 36ஆவது நிமிடத்தில் அர்ஜென்டினாவின் டி மரியா அடித்த கோலும் நினைவில் இருக்கும். மெஸ்ஸி தட்டிவிட்ட பந்து ஆல்வரெஸ், மக் அலிஸ்டர் ஆகியோர் வழியாகச் சில நொடிகளில் மைதானத்தையே கடந்து டி மரியாவிடம் வந்து சேர்ந்தது. அந்தச் சில நொடிகளில் பிரான்சின் எம்பாப்பே எங்கே நின்றார்? அர்ஜென்டினாவின் கோல் காவலர் என்ன செய்துகொண்டிருந்தார்?

தெரியாது, அல்லவா? எனக்கும் தெரியாது. இதில் நம் பிழை எதுவும் இல்லை. தொலைக்காட்சிக் காமிரா பந்தைத் துரத்திக்கொண்டு போயிற்று. நாமும் கூடவே போனோம். பந்துக்குத் தொலைவில் இருந்தவர்கள் அந்த நேரத்தில் திரையிலேயே இல்லை.

இப்போது ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். களத்தில் 22 பேர். ஆட்ட நேரம் 90 நிமிடம். பந்து ஒரு கணமும் வெளியே போகாமல், காற்றில் மிதக்காமல், எப்போதும் யாரோ ஒருவருடைய காலடியிலேயே இருப்பதாக வைத்துக்கொண்டாலும், ஒருவருக்குச் சராசரியாகக் கிடைப்பது நான்கு நிமிடங்களுக்குச் சற்று அதிகம். உண்மையில் இதைவிடக் குறைவு. ஆக, எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் 85 நிமிடங்களுக்கு மேல் அவர் பந்து இல்லாமல்தான் ஆடுகிறார். இடம் பார்த்து நிற்கிறார், எதிரியை இழுத்துக்கொண்டு ஓடுகிறார், தோழனுக்காக ஒரு மூலையைக் காலி செய்து கொடுக்கிறார். கால்பந்து என்ற ஆட்டத்தின் பெரும்பகுதி இதுதான். தொலைக்காட்சி நமக்குக் காட்டுவது மிச்சமுள்ள சிறுபகுதியை.

மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் பயிற்சியாளர் முழுவதையும் பார்க்கிறாரே என்று நீங்கள் கேட்கலாம். பார்க்கிறார்; நினைவில் வைத்துக்கொள்வதுதான் கடினம். கனடாவில் ஃபிராங்ஸ், மில்லர் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 1986இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பயிற்சியாளர்களுக்கு ஆட்டத்தைக் காட்டி, பிறகு அதில் நடந்தவற்றைக் கேட்டார்கள். சரியாகச் சொல்லப்பட்டவை பாதிக்கும் குறைவு. மனித மூளை ஒளிப்படச் சுருள் அன்று. கோல், சண்டை, நடுவரின் ஊதல் போன்ற பரபரப்பானவற்றை அது பிடித்துக்கொள்ளும், மற்றதை விட்டுவிடும்.

ஆகவேதான் பல குழுக்கள் இப்போது அகலக்கோண லென்ஸ் பொருத்திய காமிரா ஒன்றை உயரமான இடத்தில் அசையாமல் நிறுத்தி, 22 பேரும் எப்போதும் படத்தில் இருக்கும்படி ஆட்டம் முழுவதையும் எடுக்கின்றன. பார்க்கச் சுவையில்லாத படம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆட்டக்காரர்கள் எறும்புகளைப் போல ஊர்வார்கள். முகம் தெரியாது. ஆனால் ஆட்டத்தின் உருவம் தெரியும். இத்தாலியின் மிலான் குழு 1989, 1990 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது அதன் பயிற்சியாளராக இருந்தவர் அரிகோ சாக்கி. கடைசித் தடுப்பாட்டக்காரருக்கும் முன்னணி ஆட்டக்காரருக்கும் இடையே 25 மீட்டருக்கு மேல் இடைவெளி விழக்கூடாது என்பது அவருடைய விதி. பந்தே இல்லாமல் பதினொருவரையும் சேர்ந்து நகரவைத்துப் பயிற்சி கொடுப்பார். அந்த 25 மீட்டர் காக்கப்பட்டதா என்று யார் முகத்தையும் அருகில் காட்டும் படத்தில் பார்க்க முடியுமா?

பள்ளிக் குழுக்களுக்கும் இத்தகைய படம் வேண்டும் என்பது என் கருத்து. அதைச் சொல்வதற்கு முன், நான் இயற்பியல் ஆசிரியன் ஆகையால், லென்ஸைப் பற்றிக் கொஞ்சம் பேசாமல் இருக்க முடியாது.

பன்னாட்டு ஆட்டங்களுக்கான மைதானம் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்டது. நடுக்கோட்டுக்கு நேராக, பக்கக்கோட்டிலிருந்து 30 மீட்டர் பின்னால் நீங்கள் காமிராவுடன் நிற்பதாகக் கொள்வோம். அருகிலுள்ள இரண்டு மூலைக் கொடிகளும் படத்துக்குள் வரவேண்டுமானால் லென்ஸ் எவ்வளவு கோணத்தைப் பார்க்கவேண்டும்? இடப்பக்கம் 52.5 மீட்டர், எதிரே 30 மீட்டர். 52.5ஐ 30ஆல் வகுத்தால் 1.75. டேஞ்சன்ட் 1.75 உள்ள கோணம் ஏறத்தாழ 60 பாகை. இரு பக்கமும் சேர்ந்து 120 பாகை. பத்தாம் வகுப்பில் திரிகோணவியல் எதற்கு என்று கேட்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். (கைப்பேசி விளம்பரங்களில் காணும் 120 பாகை பெரும்பாலும் மூலைக்கு மூலை அளந்தது. பக்கவாட்டில் அதைவிடக் குறையும். ஆகவே இன்னும் சில மீட்டர் பின்னால் போகவேண்டி வரும்.)

மிக அகன்ற கோணத்தைக் கண்டு முதலில் வியந்தவர்களில் ஒருவர் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட். குளத்தில் உள்ள மீன் மேலே பார்த்தால் என்ன தெரியும் என்று அவர் யோசித்தார். ஒளிவிலகல் காரணமாக, அடிவானம் முதல் அடிவானம் வரையுள்ள வானம் முழுவதும் சுமார் 97 பாகைக் கூம்புக்குள் அடங்கி மீனின் கண்ணுக்குத் தெரியும். நீர் நிரப்பிய ஊசித்துளைக் காமிராவைச் செய்து அதைப் படமாகவும் எடுத்துக்காட்டி 1906இல் வெளியிட்டார். மீன்கண் என்ற பெயர் அன்று தொடங்கியது. இன்று மைதானங்களில் நிற்கும் அகலக்கோண லென்ஸ்களில் சில அந்த மீனின் பேரப்பிள்ளைகள்.

மீனின் பார்வைக்கு ஒரு விலை உண்டு. இத்தகைய லென்ஸ் நேர்க்கோட்டை வளைத்துவிடும். பக்கக்கோடு பீப்பாயின் விளிம்பைப் போலப் புடைத்துக்கொண்டு நிற்கும். ஆயினும் கால்பந்து மைதானம் நமக்கு ஓர் உதவி செய்கிறது. அதில் வரைந்துள்ள கோடுகள் நேரானவை என்பது நமக்கு முன்பே தெரியும். பெனால்டிப் பகுதி 16.5 மீட்டர் ஆழம், நடுவட்டத்தின் ஆரம் 9.15 மீட்டர் என்று அளவுகளும் விதிப்புத்தகத்தில் இருக்கின்றன. எனவே படத்தில் உள்ள வளைந்த கோட்டை நேராக்கும் கணக்கைக் கணிப்பொறியிடம் கொடுக்கலாம். அதன் பிறகு, ஒரே கோட்டில் மூன்று அமையாதபடி நான்கு புள்ளிகளின் இடம் தெரிந்தால் போதும். சாய்வாகத் தெரியும் மைதானத்தை மேலிருந்து பார்த்த வரைபடமாக மாற்றிவிடலாம்.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். இந்த மாற்றம் தரையிலுள்ள புள்ளிகளுக்கு மட்டுமே பொருந்தும். ஆட்டக்காரரின் காலடியை வைத்துக் கணக்கிட்டால் சரி, தலையை வைத்துக் கணக்கிட்டால் தவறு. பந்து காற்றில் இருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 10 மீட்டர் உயரத்தில் காமிரா. 60 மீட்டர் தொலைவில், தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் பந்து. காமிராவிலிருந்து பந்துக்குப் போகும் நேர்க்கோட்டை நீட்டினால் அது 75 மீட்டர் தொலைவில்தான் தரையைத் தொடும். வடிவொத்த முக்கோணங்களைக் கொண்டு நீங்களே சரிபார்க்கலாம். வரைபடத்தில் பந்து 15 மீட்டர் தள்ளி விழுந்துவிட்டது! ஒரே காமிராவுக்குத் திசைதான் தெரியும், தொலைவு தெரியாது. 2022 உலகக் கோப்பையில் ஆஃப்சைடு பார்க்க மைதானக் கூரைக்கடியில் 12 காமிராக்களைப் பொருத்தியதற்கு இது ஒரு காரணம். ஒவ்வோர் ஆட்டக்காரரின் உடலிலும் 29 இடங்களை, நொடிக்கு 50 தடவை, பல திசைகளிலிருந்து அவை குறித்துக்கொண்டன.

அடுத்து உயரம். நம் காமிரா 120 பாகையை 3840 படப்புள்ளிகளில் பதிவு செய்வதாகவும், புள்ளிகள் கோணத்துக்குச் சமமாகப் பங்கிடப்படுவதாகவும் எளிமைக்காகக் கொள்வோம். ஒரு பாகைக்கு 32 புள்ளி. எதிர்ப் பக்கக்கோடு 98 மீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கே குறுக்குவாட்டில் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 19 புள்ளிகள் கிடைக்கும், அது போதும். ஆனால் ஆழவாட்டில், அதாவது காமிராவை நோக்கியும் விலகியும் நகரும் திசையில், காமிரா 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் ஒரு மீட்டருக்குக் கிடைப்பது இரண்டே புள்ளிகள். 5 மீட்டர் உயரமானால் ஒன்று. அப்போது ஒரு புள்ளி பிசகினால் ஆட்டக்காரர் ஒரு மீட்டர் இடம் மாறிவிடுவார். விலை உயர்ந்த காமிரா வாங்கித் தரையில் வைப்பதைவிட, சாதாரணக் காமிராவை இரண்டாம் மாடிக்கு எடுத்துச் செல்வது மேல் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுவே. மாடிப்படி ஏறக் காசு வேண்டாம்.

படம் எடுத்தாயிற்று, அளந்தும் ஆயிற்று. இனி எல்லாம் உண்மைதானே? அவசரப்பட வேண்டாம். இங்கிலாந்தில் சார்லஸ் ரீப் என்றொருவர் இருந்தார். விமானப்படையில் கணக்கு அதிகாரி. 1950 மார்ச்சில் ஸ்விண்டன் நகரக் குழுவின் ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தவர், இடைவேளைக்குப் பின் ஒரு நோட்டை எடுத்து ஒவ்வொரு தாக்குதலையும் குறிக்கத் தொடங்கினார். காமிரா இல்லை, பென்சில்தான். பிறகு பல ஆண்டுகள் நூற்றுக்கணக்கான ஆட்டங்களை இப்படியே குறித்தார். பெஞ்சமின் என்பவருடன் சேர்ந்து 1968இல் அரச புள்ளியியல் கழகத்தின் இதழில் கட்டுரையும் எழுதினார். சுமார் 80 விழுக்காடு கோல்கள் மூன்றோ அதற்குக் குறைவோ ஆன பாஸ்களில் விழுகின்றன என்பது அவர் கண்டது. எனவே சுற்றிச் சுற்றிப் பந்தைக் கடத்தாதே, நீளமாக முன்னால் உதை என்றார். அந்தக் கருத்து இங்கிலாந்தின் ஆட்டத்தில் நெடுங்காலம் செல்வாக்குச் செலுத்தியது.

எண்ணிக்கையில் தவறில்லை. முடிவில்தான் ஓட்டை. அவருடைய கணக்கின்படியே, எல்லாத் தாக்குதல்களிலும் 90 விழுக்காட்டுக்கு மேல் மூன்று பாஸ்களுக்குள் முடிந்துவிடுகின்றன. ஆயிரம் தாக்குதல்களில் 900 குறுகியவை, 100 நீண்டவை. விழுந்தவை 10 கோல்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறுகியவற்றில் 8, நீண்டவற்றில் 2. 900க்கு 8 என்றால் 112இல் ஒன்று. 100க்கு 2 என்றால் 50இல் ஒன்று. எது மேல்? ஆட்டமே தலைகீழாகிவிட்டது பாருங்கள். ஹியூஸ், ஃபிராங்ஸ் ஆகியோர் 2005இல் உலகக் கோப்பை ஆட்டங்களைக் கொண்டு இந்த ஓட்டையைத் தெளிவாக எடுத்துக்காட்டினார்கள். ரீப்பை நான் ஏளனம் செய்யவில்லை. மழையிலும் குளிரிலும் நின்று எண்ணிய மனிதர். ஆனால் எண்ணத் தெரிந்தால் போதாது, எதை எதனால் வகுப்பது என்றும் தெரிய வேண்டும். கணிப்பொறி இதை நமக்காகச் செய்துவிடும் என்று நம்புபவர்கள், அதற்கு அந்தக் கேள்வியைக் கொடுப்பவர் யார் என்று யோசிக்க வேண்டும்.

என் அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரிக் குழு ஒரு போட்டியில் கடைசி நிமிடத்தில் கோல் வாங்கித் தோற்றது. நான் அன்று கோலுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன். இடப்பக்கத் தடுப்பாட்டக்காரன் தன் ஆளை விட்டுவிட்டு உள்ளே ஓடினான். விடப்பட்ட ஆள் கோல் அடித்தான். இதை என் கண்ணால் கண்டேன். எல்லோரும் அவனைத் திட்டினார்கள். "ஏன்பா, அவனை விட்டுட்டு அங்கே என்ன வேலை?" என்று நானும் கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

அந்த ஆட்டத்தை ஒரு மாணவன் விடுதி மாடியிலிருந்து கைப்பேசியில் எடுத்திருந்தான். ஆட்ட நுணுக்கத்துக்காக அன்று, சும்மா விளையாட்டாக. இரண்டு வாரம் கழித்து அதைப் பார்க்க நேர்ந்தது. பந்து எங்கள் வலப்பக்கம் இருந்தபோது நடுக்களத்தில் இருந்த எங்கள் ஆள் ஒருவர் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். அவர் காக்க வேண்டிய எதிரி கோலுக்கு நேராக ஓடிவருகிறான். தடுப்பாட்டக்காரனுக்கு இப்போது ஆள் இரண்டு. கோலுக்கு நெருக்கமானவனை நோக்கி ஓடினான். ஓடுமுன் கையை நீட்டிப் பின்னால் இருப்பவனைக் காட்டுவதும் படத்தில் எறும்பளவு தெரிகிறது. அவன் செய்தது முழுக்க முழுக்கச் சரி. ஐந்து மீட்டர் தொலைவில் நின்று பார்த்த நான் தவறாகப் பார்த்தேன். நூறு மீட்டர் தொலைவில் இருந்த கைப்பேசி சரியாகப் பார்த்தது. படத்தை எடுத்துக்கொண்டு அவனுடைய அறைக்குப் போனேன். ஆசிரியனுக்கு மாணவனிடம் மன்னிப்புக் கேட்பது சற்றுக் கடினமான காரியம்தான், ஆனால் கேட்டேன்.

இதைச் சொன்னதும் சில நண்பர்கள் தானாகவே பந்தைப் பின்தொடரும் காமிராக்கள் வந்துவிட்டன, அதை வாங்கலாமே என்கிறார்கள். முழு மைதானத்தையும் பதிவு செய்து தருபவையும் அவற்றில் உண்டு, அப்படியானால் சரி. பந்தைச் சுற்றி வெட்டிய படத்தை மட்டும் தருவதாக இருந்தால் எனக்கு உடன்பாடில்லை. பணம் கொடுத்து மறுபடியும் தொலைக்காட்சியின் கண்ணையே வாங்குகிறோம். அந்தக் கண்ணும் ஏமாறும். 2020 அக்டோபரில் ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸ் நகரில் நடந்த ஆட்டத்தில், இத்தகைய காமிரா ஒன்று கோட்டு நடுவரின் வழுக்கைத் தலையைப் பந்து என்று எண்ணி மீண்டும் மீண்டும் அதையே காட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் இருந்து பார்த்த ரசிகர்களுக்கு ஆட்டத்தைவிட நடுவரின் தலைதான் நன்றாகத் தெரிந்தது. அசையாமல் நிற்கும் காமிராவுக்கு இந்தக் குழப்பம் வராது. எதைப் பார்ப்பது என்பதைப் பிறகு நாம் முடிவு செய்கிறோம்.

ஆனால் எனக்கு ஓர் அச்சம் உண்டு. எல்லோரையும் எப்போதும் பார்க்கும் கருவி, எல்லோரையும் எப்போதும் கண்காணிக்கும் கருவியாகவும் ஆகலாம். யார் எத்தனை மீட்டர் ஓடினார், யார் எத்தனை தடவை நின்றார் என்று பட்டியல் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினால், மாணவர்கள் மீட்டருக்காக ஓடுவார்கள், ஆட்டத்துக்காக ஓடமாட்டார்கள். நின்று யோசிப்பவன் சோம்பேறி என்று பெயர் வாங்குவான். படத்தை முதலில் பார்க்கவேண்டியவர்கள் ஆடியவர்கள். பயிற்சியாளர் அவர்களோடு சேர்ந்து பார்க்கட்டும். அவர்கள் ஒப்பாமல் அது வெளியே போகக் கூடாது. எதிர்க் குழுவிடமும் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். ஒளிந்திருந்து எடுப்பது வேறு கதை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நியூசிலாந்து மகளிர் குழுவின் பயிற்சியைக் கனடா தரப்பினர் ஆளில்லாப் பறக்கும் கருவியால் எடுத்தனர். கனடாவின் மகளிர் குழுவுக்கு ஆறு புள்ளிகள் பறிபோயின. ஆடிய பெண்கள் அல்லர் அந்தக் கருவியைப் பறக்கவிட்டவர்கள். தண்டனையைச் சுமந்தவர்கள் அவர்கள்.

உங்கள் பள்ளியில் முயன்று பார்க்க விரும்பினால் சில குறிப்புகள். மாலை ஆட்டமானால் மைதானத்தின் மேற்குப் பக்கக் கட்டடத்தைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் சூரியன் லென்ஸில் விழும். கைப்பேசியைக் கையில் பிடிக்காமல் சன்னல் கம்பியிலோ கைப்பிடிச் சுவரிலோ இறுகக் கட்டுங்கள். பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும், சுவர்மீது ஏற வேண்டாம். நான்கு மூலைகளும் படத்தில் இருக்கின்றனவா என்று ஆட்டம் தொடங்குமுன் பாருங்கள். சுண்ணாம்புக் கோடு அழிந்திருந்தால் மூலைகளில் செங்கல்லையாவது வைத்து அவற்றின் தொலைவை நாடாவால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நொடிக்கு 25 படம் போதும். வேகமாக ஓடுபவர்கூட இரண்டு படங்களுக்கு இடையே முப்பது சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகத்தான் நகர்வார். எதிர்ப் பக்கத்தில் பந்து நான்கு புள்ளி அளவுக்குச் சிறுத்துச் சில நேரம் காணாமலே போகும். அதற்காகக் கவலைப்பட்டுக் காமிராவைத் திருப்பாதீர்கள். பந்து எங்கே என்று ஆட்டக்காரர்கள் திரும்பி நிற்கும் திசையே சொல்லிவிடும்.